பாஸ்போர்ட்டில் 54, உம்மா கணக்கில் 56

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 22 வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, கடல்பாசி வளர்க்கலாம் என்று யோசனை. வீட்டில் ‘இந்த வயசுல தண்ணிக்குள்ள இறங்கி என்ன பண்ணப் போறீங்க’ என்கிறார்களாம். பாஸ்போர்ட்படி 54, ஆனால் உம்மா அடித்துச் சொல்வது 56. வயது வெறும் எண்தானா, இல்லை அதற்கு நிஜமாகவே ஏதாவது மதிப்பு இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

நான் இந்த இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோர ஊர்களில் அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்கு ‘இவருக்கு ஏறத்தாழ இத்தனை வயது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது என் வேலையில் ஒரு பகுதி. வெறும் எண் என்று என்னால் சொல்ல முடியாது, அந்த எண்ணை வைத்துத்தான் பலருக்குச் சோறு. அதே சமயம் அந்த எண் எப்படிப் பிறந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன், அதனால் அதை விழுந்து கும்பிடவும் முடியாது.

முதலில் உம்மா கணக்கு. நீங்கள் பிறந்தது நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம், அதிலிருந்து 56 நோன்பு வந்து போய்விட்டது என்று சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உம்மா தப்பாகச் சொல்லவில்லை. பிறை பார்த்துக் கணக்கிடும் வருடத்துக்கு 354 நாள்தான், சூரிய வருடத்தைவிட 11 நாள் குறைவு. 54 வருடத்தை நாளாக மாற்றி 354 சொச்சத்தால் வகுத்துப் பாருங்கள், ஐம்பத்தைந்தரைக்கு மேல் வரும். பாஸ்போர்ட்டும் சரி, உம்மாவும் சரி, இரண்டு பேரும் ஒரே நாட்களைத்தான் வேறு வேறு அளவுகோலில் அளக்கிறார்கள். நீங்களாவது பரவாயில்லை, இரண்டு எண்ணுமே நிஜ நாட்களை எண்ணி வந்தவை. இந்தக் கரையில் உங்களுக்கு முந்தின தலைமுறையில் பாதிப் பேருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

எங்கள் பக்கம் வயது கேட்டால் புயலை வைத்துத்தான் சொல்வார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அந்தப் புயல். ‘புயலடிச்சப்ப நான் கைப்பிள்ளை’, ‘புயலுக்கு மறு வருஷம் எனக்குக் கல்யாணம்’ என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் வயது எழுத நான் இந்தக் கணக்கைத்தான் நம்பினேன், அட்டையில் அச்சடித்ததை அவ்வளவாக நம்பியதில்லை. பாம்பன் பக்கத்திலிருந்து பாசி எடுக்கும் அம்மா ஒருவர் வருவார். புயலடித்த ராத்திரி அவருடைய ஆத்தா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மணல்மேட்டில் ஏறியதைக் கதை கதையாகச் சொல்வார். அப்படியானால் அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, இதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்து உத்தேசமாக எழுதிய வருடம் 1970. காகிதத்தின்படி அந்த அம்மா புயல் போய் ஆறு வருடம் கழித்துத்தான் பிறந்தே இருக்கிறார்! முதியோர் உதவித்தொகைக்கு 60 நிறைந்திருக்க வேண்டும். மாதம் 1,200 ரூபாய். அதற்கு இன்னும் சில வருடம் அவர் விரலில் துணி சுற்றிக்கொண்டு தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்க வேண்டும்.

பள்ளிக்கூட வயது இன்னும் வேடிக்கை. உங்கள் வாப்பா தலைமுறைக்குத் தெரியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் தலைமையாசிரியர், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து முடிந்தது என்று அர்த்தம், சேர்க்கும் மாதத்தை ஒட்டி ஜூனில் ஒரு தேதி போட்டுவிடுவார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். இது கோமாளித்தனம் என்று நினைக்காதீர்கள், சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை, வளர வளரத்தான் கை காதுக்கு எட்டும். அதாவது அவர் அளந்தது உடம்பை, ஏட்டில் எழுதியது வருடத்தை. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாள் கழித்து உறைத்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கை லேட்டாகத்தான் எட்டும். ஏழு வயதில் எட்டியவனுக்கும் ஐந்து என்றுதான் எழுதுவார்கள். ஆக, பட்டினி கிடந்த பிள்ளை காகிதத்தில் இரண்டு வயது இளையவனாகிவிடுகிறான். அவனே படித்து அரசு வேலைக்குப் போயிருந்தால் அந்த இரண்டு வருடம் கூடுதல் சம்பளம், யோகம். கடலுக்குப் போயிருந்தால் உதவித்தொகைக்கு இரண்டு வருடம் கூடுதல் காத்திருப்பு. ஒரே தப்பு, ஒருத்தனுக்கு வரவு, இன்னொருத்தனுக்குச் செலவு.

சரி, டாக்டர் எழுதும் வயது மட்டும் துல்லியமா என்று கேட்டால், அதுவும் இல்லை. பல்லையும் எலும்பு கூடும் முனைகளையும் எக்ஸ்ரேயில் பார்த்து வயது சொல்வது இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும்தான் உருப்படியாக இருக்கும், அதிலும் முன்பின் இரண்டு வருடம் பிசகலாம் என்பது நீதிமன்றங்களே ஏற்றுக்கொண்ட விஷயம். எலும்பெல்லாம் கூடி முடிந்த பிறகு 52க்கும் 60க்கும் வித்தியாசம் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. தோல் சுருக்கம், மூட்டுத் தேய்மானம், கண்புரை, இதையெல்லாம் பார்த்து நாங்கள் குத்துமதிப்பாக எழுதுவதுதான். வெயிலில் கிடந்த உடம்பு முந்தியே சுருங்கும், அதனால் மீனவப் பெண்களுக்கு நான் போட்ட வயது கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும். அந்தத் தப்பைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மீனுக்கு வயது பார்ப்பதும் இதே கதைதான். கத்தாழை மீன் தலையை உடைத்தால் இரண்டு வெள்ளைக் கல் இருக்குமே, பிள்ளைகள் வைத்து விளையாடும், அது செவிக்கல். குளிர்நாட்டு மீனுக்கு அந்தக் கல்லில் மர வளையம் மாதிரி வருடத்துக்கு ஒரு கோடு விழும், எண்ணினால் வயது. நம் கடலில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கோடு தெளிவாக விழாது. அதனால் இங்கே பெரும்பாலும் நீளத்தை அளந்துதான் வயதைக் கணக்கிடுகிறார்கள். கேரளத்தில் சட்டம் போட்டபோதும் மத்தி 10 செ.மீ.க்குக் கீழே பிடிக்கக் கூடாது என்றுதான் போட்டார்கள், இத்தனை மாதத்துக்குக் கீழே என்று போடவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்தும் அப்படித்தான், கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று எடையைப் பார்த்துக் கொடுக்கிறோம். உடம்பை நேரடியாக அளக்க முடிகிற இடத்தில் வருடத்துக்கு வேலை குறைவு.

அப்படியென்றால் வருடமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். முன்பின் தெரியாத லட்சம் பேருக்கு ஒரே விதி போட வேண்டிய இடத்தில் வேறு வழி கிடையாது. வாக்களிக்க 21 என்று இருந்ததை 1989இல் 18 ஆக்கினார்கள். எனக்கு ஓய்வு 58இல், 2020இல் அது 59 ஆனது, 2021இல் 60. என் இளையவர்கள் இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்த்தார்கள், அதற்காக அந்த இடைவெளியில் தமிழ்நாட்டுக்காரன் உடம்பு இரண்டு வருடம் உறுதியாகிவிட்டதா என்ன? கோடு எங்கேயாவது ஓரிடத்தில் போட வேண்டும், போட்டார்கள். கோடு போட்ட பிறகு அது ரொம்பக் கறார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கு வந்தது. செத்துப்போனவருக்கு ஆதாரின்படி 47, பள்ளிச் சான்றின்படி 45. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லை, பள்ளிச் சான்றைத்தான் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. இரண்டு வயதில் என்ன இருக்கிறது என்றால், 45 வரைக்கும் ஆண்டு வருமானத்தை 14ஆல் பெருக்குவார்கள், 46 ஆகிவிட்டால் 13ஆல். ஒரு முழு வருடச் சம்பாத்தியம் அந்தக் குடும்பத்துக்கு. அந்தப் பள்ளித் தேதியும் யாரோ ஒரு வாத்தியார் காதைத் தொடச் சொல்லி எழுதியதாகக்கூட இருக்கலாம்!

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற கல்யாண வயதில் மட்டும் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். ‘வளர்த்தியான பொண்ணு டாக்டர், பார்த்தா பதினஞ்சு மாதிரியா இருக்கு’ என்று வந்தவர்களை விரட்டியிருக்கிறேன். உடம்பை அளந்து பார் என்று இவ்வளவு நேரம் சொன்னவன் இங்கே வருடத்தைப் பிடித்துக்கொள்கிறேனே என்று தோன்றலாம். உடம்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்பவனுக்கு ஆதாயம் இருக்கிற இடத்தில் அவன் கண்ணை நம்பக் கூடாது, வருடத்தைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது உங்கள் உடம்புக்கு வருவோம். நியூசிலாந்தில் டுனெடின் என்று ஓர் ஊர், அங்கே 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து இன்றுவரை தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். எல்லோருக்கும் 38 வயதானபோது சிறுநீரகம், நுரையீரல், கொழுப்பு, ஈறு என்று பல அளவுகளைச் சேர்த்து உடம்பின் வயதைக் கணக்கிட்டார்கள். ஒரே வருடத்தில் பிறந்தவர்களில் சிலருக்கு முப்பதுக்குக் கீழே வந்தது, சிலருக்கு அறுபதை ஒட்டி வந்தது. நீங்கள் பிறந்த காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள்தான் அவர்களும். உங்களுக்குப் பாஸ்போர்ட்டுக்கும் உம்மாவுக்கும் நடுவில் இரண்டே வருடம் தகராறு, அங்கே முப்பது வருடம்.

இதற்கு நியூசிலாந்து வரை போக வேண்டியதில்லை. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நாற்பது வயதில் நெஞ்சும் நுரையீரலும் இருபத்தைந்து வயதுப் பையனைப் போல, காது மட்டும் எழுபது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்து கிழிந்து ஒட்டியது. கரைவலை இழுத்த பெரியவர் ஒருவரின் கைப்பிடியில் என் விரல் நொறுங்கியது, ஆனால் முட்டி மடங்காது, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆளுக்குள் நாலைந்து வயது குடியிருக்கிறது தம்பி. இதில் எந்த வயதை ‘உங்க வயசு’ என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ‘மனசு இளமையா இருந்தாப் போதும்’ என்று உங்களை உசுப்பேற்றிவிடவும் எனக்கு விருப்பமில்லை. சில கடிகாரம் யாருக்கும் நிற்காது. நாற்பதுகளில் வெள்ளெழுத்து வந்தே தீரும், கண் லென்சு இறுகுகிறது, படகு வைத்திருக்கும் சம்மாட்டிக்கும் வரும், கூலிக்குப் போகிறவனுக்கும் வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது நம் நாட்டில் சராசரியாக 46, 47 வாக்கில். 25 வயதில் பெறும் பிள்ளைக்கு டவுன் குறைபாடு வர ஆயிரத்து இருநூறில் ஒன்று என்ற அளவில் வாய்ப்பு, 40 வயதில் நூறில் ஒன்று. தாய் எவ்வளவு திடமாக இருந்தாலும் இது மாறுவதில்லை. எவ்வளவு ஓடி ஆடிய உடம்பாக இருந்தாலும் இதயம் அதிகபட்சமாகத் துடிக்கக்கூடிய வேகம் வருடா வருடம் குறைந்துகொண்டுதான் போகும். பெரியவர்களுக்குச் சாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது, காப்பீட்டுக்காரர்கள் பிரீமியம் போடுவது இதை வைத்துத்தான். கூட்டமாகப் பார்த்தால் வருடம் பொய் சொல்லாது, தனி ஆளிடம்தான் அது தடுமாறும்.

இதை அறிந்திருந்தும் நான் ஒருமுறை கோட்டை விட்டேன். 66 வயது என்று சீட்டில் எழுதியிருந்த அம்மா, நடந்தால் மூச்சு வாங்குகிறது, அசதி என்று வந்தார். கூட்டம் அதிகம், ‘வயசாகுதுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்’ என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து முகாமில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 6. கடுமையான ரத்தசோகை. குடலில் ரத்தக் கசிவு இருந்தது, சிகிச்சை கொடுத்ததும் மறுபடி மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்துவிட்டார். சீட்டில் 36 என்று இருந்திருந்தால் அன்றைக்கே ரத்தம் எடுத்திருப்பேன். அந்த எண் என் கண்ணை மறைத்தது. இது மருத்துவமனைகளில் தினமும் நடக்கிறது, யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தானே தன்னை அப்படிப் பார்த்துக்கொள்வதும் கெடுதல்தான். அமெரிக்காவில் ஒரு சிறு ஊரில் ஐம்பது தாண்டிய 660 பேரிடம் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு வைத்து, இருபது வருடத்துக்கு மேல் கழித்து யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நல்லவிதமாக நினைத்தவர்கள் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். 2002இல் வெளிவந்தது. உடம்பு நன்றாக இருப்பவன்தானே நல்லவிதமாக நினைப்பான் என்று எனக்கும் தோன்றியது, ஆரம்பத்து உடல்நிலையைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது என்கிறார்கள்.

இதற்குள் யாராவது உங்களிடம் ‘கலாம் ஐயா 70 வயசுலதானே குடியரசுத் தலைவரானார்’ என்று சொல்லியிருப்பார்கள், இராமேசுவரத்தைச் சுற்றி வயதைப் பற்றிப் பேசினால் இது வராமல் இருக்காது. உண்மைதான், 1931இல் பிறந்து 2002இல் பதவியேற்றார். ஆனால் அந்த வேலையில் ஈரப் பாசி தூக்க வேண்டியதில்லை.

உங்கள் வேலையில் தூக்க வேண்டும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் 60 கிலோ விதைப்பாசி கட்டிவிட்டால் 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். தண்ணீரில் கிடக்கும்வரை கனம் தெரியாது, கரைக்கு இழுத்துத் தூக்கும்போதுதான் இடுப்பு பேசும். இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதனால் 54ஆ 56ஆ என்பதை விட்டுவிட்டு மூன்று நான்கு விஷயங்களைப் பாருங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? 60 முதல் 64 வயது ஆண்களுக்கே 14க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு, உங்களுக்கு அதைவிடத் தாராளமாக வர வேண்டும். கைப்பிடி பலத்தைச் சும்மா நினைக்காதீர்கள், இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,40,000 பேரிடம் பார்த்ததில், இதயக் கோளாறில் யார் சாவார் என்பதை ரத்த அழுத்தத்தைவிடப் பிடிபலம் நன்றாகக் காட்டியிருக்கிறது. 22 வருடம் ஏசி அறையில் உட்கார்ந்த வேலையா, வெயிலில் நின்ற வேலையா என்று நீங்கள் எழுதவில்லை, அது பாஸ்போர்ட் தேதியைவிட முக்கியம். வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் நான் அதிகம் பார்த்தது சர்க்கரை. சர்க்கரை இருந்து காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் பாறையும் சிப்பியும் கீறினது தெரியாது, அந்தப் புண் ஆறாது. சர்க்கரை, பிரஷர், ஒரு ஈசிஜி, பாத உணர்ச்சி, இவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டில் காட்டுங்கள், பேச்சு தானாக அடங்கும். அல்லது அவர்கள் சொன்னது சரி என்று ஆகும், அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள்.

முதல் வருடம் பத்து மிதவைக்கு மேல் போட வேண்டாம். தூக்குவதற்கு ஒரு இளவட்டத்தைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள், அவனுக்குத் தோள் இருக்கிறது, வாடைக் காலத்தில் வடகடல் (உங்கள் பக்கத்துப் பாக் நீரிணைக் கடல்) எப்படிப் புரளும் என்று தெரிந்த ஒரு பெரியவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடத்தில்தான் கடந்த வருடங்களுக்கு மதிப்பு. எத்தனை என்பதுகூட இல்லை, அவற்றை எங்கே கழித்தார் என்பது. உங்கள் 22 வருடம் கடலுக்கு வெளியே போனது, அந்த வகையில் உங்கள் தெருவில் 25 வயதுப் பையன் உங்களுக்குக் காக்கா, அதாவது அண்ணன்.

அப்புறம் காப்பீடு. வருடத்துக்கு 436 ரூபாய் கட்டும் மத்திய அரசின் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் சேர 50தான் கடைசி, அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது. வருடத்துக்கு 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீட்டுக்கு 70 வரை இடம் இருக்கிறது, விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம், தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் வங்கியில் அதைப் போட்டுவிடுங்கள். பிறந்த தேதி கேட்கும் எல்லாக் காகிதத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதையே எழுதுங்கள். உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டாம்.